காற்கூறும் முக்காற்கூறும்: மலையக மாணவரும் கற்றற் பொறுப்பும்

மலையகத் தமிழரின் வரலாற்றையும் இலக்கியத்தையும் பற்றி ஆராயப் புகும் பல்கலைக்கழக மாணவர் முதலிற் கையிலெடுக்க வேண்டிய நூல்கள் சில உள. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983), சாரல்நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ (1988), ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ (1993), ‘மலையக இலக்கியம்: தோற்றமும் வளர்ச்சியும்’ (2000), தெளிவத்தை ஜோசப்பின் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ (2000) என்பன அவற்றுள் முதன்மையானவை. இவற்றை ஒருசேர வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். இவற்றை ஆக்கியோருள் எவரும் பல்கலைக்கழக ஆசிரியரல்லர். வேலுப்பிள்ளை பள்ளி ஆசிரியராயிருந்து தொழிற்சங்கத்துக்கு வந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். சாரல்நாடன் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். ஜோசப் கொழும்பில் ஒரு கம்பனியிற் கணக்காளராயிருந்தவர். பேராதனை வளாகமோ 1952 தொடக்கம் இம்மலைகளின் அடிவாரத்திலேயே இருந்து வருகின்றது. ஹற்றனிற் புகையிரதமேறினால் ஒரு காலைப்பொழுதில் அங்கு சென்றுவிடலாம். எனினும் மலையகத்தைப் பற்றிய அடிப்படை அறிவு பெரும்பாலும் வளாகத்துக்கு வெளியிலேயே, சம்பளத்துக்கு வேறு தொழில் பார்த்தவர்களின் ஓய்வு நேரத்திலேயே உருவாயிற்று.

பல்கலைக்கழகத்தார் எதுவுமே செய்யவில்லை என்பது இதன் பொருளன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருந்த மு. நித்தியானந்தன் ‘வைகறை’ வெளியீடாகத் தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ (1979), என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ (1980) ஆகிய சிறுகதைத் தொகுதிகளைக் கொணர்ந்தமையும், பின்னர் ‘கூலித்தமிழ்’ (2014) என்னும் ஆய்வு நூலை எழுதியமையும் மறக்கற்பாலன அல்ல. ஆயினும் அவையும் எந்தப் பாடவிதானமும் விதித்த பணிகள் அல்ல என்பது நோக்கத்தக்கது.

இந்த வரலாற்றுக்கும் இன்றைய மாணவரின் நிலைக்கும் இடையிலுள்ள முரண்பாடே இங்கு ஆராயற்பாலது. நூல்நிலையம் எட்டாத தூரத்திலிருந்தவர்கள் தம் கற்றலுக்குத் தாமே பொறுப்பேற்றார்கள். நூல்நிலையத்துக்கு ஐந்து நிமிட நடைதூரத்தில் விடுதியமைந்தவர்கள் அப்பொறுப்பை விரிவுரையாளரின் குறிப்புகளிடம் ஒப்படைத்து விடுகின்றனர். இறுதி வருட ஆய்வுக்கட்டுரைக் காலம் வந்ததும் விரிவுரையாளர்களின் அறைவாயில்களில் கேட்கும் வேண்டுகோள் ‘ஒரு தலைப்புத் தாருங்கள் சேர்’ என்பதாகும். நடேசய்யர் 1947இல் மறைந்தார். அதற்கு முன் பதினோராண்டுகள் அரசாங்க சபையில் ஹற்றன் தொகுதியின் உறுப்பினராயிருந்த அவரைப் பற்றி ஒரு முழுமையான நூல் வருவதற்கு நாற்பதாண்டுகள் சென்றன. அதனை எழுதுமாறு சாரல்நாடனுக்குத் தலைப்புக் கொடுத்தவர் எவருமிலர்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியம். தாமே கற்றவர்களைப் புகழ்வது எளிது. அப்புகழ்ச்சி பல வேளைகளிற் பொய்யாகவும் அமைந்துவிடும். வேலுப்பிள்ளை வட்டகொடைப் பகுதியிலுள்ள மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்தவர் என்பதை எல்லாரும் எழுதுவர். அவர் பெரிய கங்காணிக் குடும்பத்திற் பிறந்தவர் என்பதை அவ்வளவு அழுத்தமாக எழுதுவதில்லை. ஹற்றனிலும் கொழும்பிலும் ஆங்கிலங் கற்கும் வாய்ப்பு அக்காலத்தில் லயத்துக் காம்பராவிற் பிறந்த பிள்ளைக்குக் கிட்டியதன்று. அவரைப் போன்ற வேட்கையோடு பிறந்து, பத்து வயதிற் கொழுந்துக்கூடையோ புல்வெட்டும் கத்தியோ கைக்கு வந்து, அத்தோடு முடிந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. ஆகவே ‘முயன்றால் முடியும்’ என்ற ஒற்றை வாய்பாட்டை மலையக வரலாற்றின் மேல் ஏற்றிவைப்பது அவ்வரலாற்றுக்கே இழைக்கும் அநீதியாகும்.

இன்னொன்றும் உண்டு. தாமே கற்றவர்கள் என்போர் ஆசிரியரில்லாமற் கற்றவர்களல்லர். 1960களில் ஹற்றன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் முதலிய ஆசிரியர்கள் ஒரு தலைமுறை இளைஞரை எழுதவும் கூடவும் வினவவும் தூண்டினர். அத்தலைமுறையினர் மலையக இலக்கியத்தையும் பொதுவாழ்வையும் பின்னர் எவ்வாறு வடிவமைத்தனர் என்பது அறிந்ததே. ஆசிரியர் கொடுத்தது தொடக்கத்தை. மிகுதியை மாணவர் தேடிக்கொண்டனர்.

இவ்வாறு பங்கிட்டு நோக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணவன் நூல் பயிலும் இயல்பைக் கூறுமிடத்து வியப்பூட்டும் ஒரு கணக்கைத் தருகின்றது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செவ்வையாக ஏற்றுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையின் காற்கூறு மட்டுமே. ஒத்த மாணவரோடு கூடிப் பயில்வதால் மற்றொரு காற்கூறு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் போதே வந்தடையும். தமிழ்ச் சிறப்புப் பாடம் பயிலும் மாணவர் இச்சூத்திரத்தை மனனஞ் செய்து விடைத்தாளில் எழுதிப் புள்ளியும் பெறுகின்றனர். முக்காற்கூறு ஆசிரியரிடம் இல்லை என்று கூறும் சூத்திரமே ஆசிரியர் தந்த குறிப்பிலிருந்து ஒப்புவிக்கப்படுகின்றது! பவணந்தியார் இதனைக் கண்டிருப்பின் மாணாக்கர் வகையில் இன்னுமொன்றைச் சேர்த்திருப்பார்.

நன்னூல் கூறும் இந்த முக்காற்கூறுக்கு இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ஒரு வழக்குச் சொல்லே உண்டு. அதுதான் ‘குப்பி’. விரிவுரை மண்டபத்துக்கு வெளியே, விடுதி அறையிலோ மரத்தடியிலோ, விளங்கிய மாணவர் விளங்காத மாணவர்க்கு விளக்குவதும் மூத்தோர் இளையோர்க்குப் பாடஞ் சொல்வதும் குப்பி எனப்படும். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒருங்கே வழங்கும் சொல் இது. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கை நினைவூட்டும் இப்பெயர், லயத்து வாழ்க்கையை அறிந்தவர்க்கு இருமடங்கு பொருளுடையது. அண்மைக் காலத்தில் இந்நாட்டு விரிவுரையாளர் சிலர் கல்வியின் அரசியல் பற்றித் தாம் எழுதும் பத்திரிகைத் தொடருக்கும் இப்பெயரையே இட்டனர். சான்றிதழோ வரவுப்பதிவோ சம்பளமோ இன்றி மாணவர் தாமாகவே நடத்தும் இந்நிறுவனம் பல்கலைக்கழகம் அளிக்கும் கல்வியுள் மிகச் சிறந்த பகுதியாக அமையக்கூடியது.

அமையக்கூடியது என்றே கூற வேண்டியுள்ளது. நடைமுறையில் குப்பி பெரும்பாலும் பரீட்சைக்கு முந்திய வாரத்துக்குரியதாகச் சுருங்கிவிட்டது. ‘இது வரும், இது வராது’ என்பதே அங்கு முதலில் எழும் பேச்சு. கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்களும் அவற்றுக்கு ஆயத்தமான விடைகளும் கைமாறுகின்றன. முன்னர் றோனியோப் பிரதிகளாக வந்தவை பின்னர் நிழற்பிரதிகளாயின. இன்று கைத்தொலைபேசியிலேயே வந்து சேர்கின்றன. வினாவைக் கொடுத்தாற் கட்டுரையையே எழுதித் தரும் கணினிக் கருவிகளும் வந்துவிட்ட நிலையில், பிறர் தேடியதைத் தன் பெயரிற் சமர்ப்பிப்பதற்கு இனி நண்பனின் உதவியும் வேண்டியதில்லை. தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலையின் கணக்கு. நிர்ணயித்த அளவுக்குக் கொழுந்தெடுக்காத பெண்ணுக்கு அன்று அரைப்பேரே விழும். விரிவுரை மண்டபத்தில் வரவுத்தாளில் ஒப்பமிட்டுக் கடைசி வாங்கிலில் உறங்கியவருக்கோ முழுப்பேர் விழுந்துவிடுகிறது. இதனைத் தோட்டத்துத் தாய் அறிந்தால் என்ன கூறுவாள் என்பது சிந்திக்கத்தக்கது.

இந்நிலைக்கு மாணவரின் சோம்பலே காரணம் என்று கூறி முடித்துவிடுவோர் உளர். அது மேலோட்டமான கூற்று. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஒரே காம்பராவிற் தம்பி தங்கையர் உறங்கும் பாயின் ஓரத்தில் அமர்ந்து படித்து உயர்தரத்திற் சித்தியெய்தியவர்கள் சோம்பேறிகளாக இருத்தல் இயலாது. காரணத்தை அவர்கள் கடந்துவந்த கல்விமுறையிலேயே தேடுதல் வேண்டும்.

பிரித்தானியச் சமூகவியலாளர் றொனால்ட் டோர் 1976இல் ‘பட்டச்சான்றிதழ் நோய்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். இங்கிலாந்து, யப்பான், இலங்கை, கென்யா ஆகிய நாடுகளை அவர் அதில் ஒப்பிட்டாராய்ந்தார். நவீன வளர்ச்சிப் பாதையிற் பிந்திக் காலடி வைக்கும் நாடுகளில் வேலைக்கான தகுதி சான்றிதழாலேயே பெரிதும் அளக்கப்படுகின்றது. ஆகவே பள்ளிக்கூடம் கற்றலை விட்டுப் பரீட்சைக்கே உழைக்கத் தொடங்குகிறது. பிந்தி வந்த நாட்டில் இந்நோய் கடுமையாகின்றது என்பது அவரது வாதத்தின் சாரம். டோர் நாடுகளுக்கிடையே கண்ட இவ்வொழுங்கை ஒரு நாட்டின் சமூகங்களுக்கிடையேயும் பொருத்திப் பார்க்கலாம். அவ்வாறு பார்க்கின், இலங்கையில் எல்லாருக்கும் பிந்தி அரச கல்விக்குள் வந்த மலையகத் தமிழரிடையே அது மிகக் கடுமையாக இருத்தல் எதிர்பார்க்கத்தக்கதே.

எவ்வளவு பிந்தி என்பதற்குச் சில ஆண்டுகளே போதும். தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமை 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டத்தால் தோட்டச் சொந்தக்காரர் மேல் சுமத்தப்பட்டது. பிள்ளையைப் படிப்பிப்பதால் நாளை ஒரு தொழிலாளியை இழக்கக்கூடியவரிடமே அப்பிள்ளையின் படிப்பு ஒப்படைக்கப்பட்டது. கொழுந்து மடுவத்தின் ஒரு மூலையில், எல்லா வகுப்புக்கும் ஓர் ஆசிரியருடன், காலையில் இரண்டு மூன்று மணி நேரம் நடந்த பாடசாலைகள் பல. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பயனுக்குப் புறத்தேயே நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென முடிவாயிற்று. அதன் பின்னர் பல குடும்பங்களுக்கு அடுத்த ஆண்டு எந்த நாட்டில் இருப்போம் என்பதே தெரியாதிருந்தது. தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசாங்கத்தின் கீழ் வந்தது 1977க்குப் பின்னரே. ஏனையோருக்கு மூன்று தலைமுறை முன்பே திறந்த கதவு இவர்களுக்குத் திறந்தபோது, உள்ளே கல்வி ஏற்கெனவே பரீட்சையாகச் சுருங்கியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது புத்தகமன்று; கடந்தகால வினாத்தாட் தொகுப்பு. லயத்தை விட்டு வெளியேற ஒரே வழி சான்றிதழ்தான் என்று கண்ட பிள்ளை அச்சான்றிதழுக்கு வேண்டியதை மட்டும் படித்தமை அறிவின்மையன்று. அக்காலத்துக்கு அதுவே அறிவு.

அவ்வறிவு பல்கலைக்கழக வாயிலைக் கடந்த பின்னும் மாறாதிருப்பதே சிக்கல். முதலாம் வருடத்தில் ஒரு மாணவி குறிப்பை நம்பியிருப்பது இயல்பு. நான்காம் வருடத்திலும் அவள் அதையே நம்பியிருந்தால் இடையில் மூன்றாண்டுகள் எங்கே சென்றன என்ற வினா எழுகின்றது. அவ்வினா அவளை நோக்கி மட்டும் எழுவதன்று. தான் சொல்லிக்கொடுத்த வசனம் தன்னிடமே திரும்பி வந்தால் முழுப்புள்ளியும், மாணவி தன் சொல்லில் எழுதினால் ‘விடை பொருத்தமற்றது’ என்ற குறிப்பும் இடும் விரிவுரையாளர் இதில் பங்காளி. பிறேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிறெயிரே ஆசிரியர் வைப்புச் செய்து மாணவர் சேமித்து வைக்கும் கல்வியை வங்கிமுறைக் கல்வி என்றார். மலையகத்தவர்க்கு அதைவிட அணுக்கமான ஓர் உவமை உண்டு. பெரட்டுக் களத்தில் அதிகாலையில் நிற்போருக்கு இன்றைக்கு எந்த மலை, எத்தனை நிரை என்பது சொல்லப்படும். எதற்காக என்பது சொல்லப்படுவதில்லை. பல விரிவுரை மண்டபங்கள் பெரட்டுக் களத்தின் ஒழுங்கிலேயே நடைபெறுகின்றன எனின் அது மிகைக்கூற்றாகாது.

மாணவர் தம் கற்றலுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற அறிவுரை அண்மைக் காலத்திற் பலராலும் கூறப்படுகின்றது. அதைக் கூறுவோர் எல்லாரும் ஒரே பொருளிற் கூறுவதில்லை. கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாமை, விடுதி இடமின்மை, உதவிப்பணம் தாமதமாதல், ஆங்கில நூல்களைத் தமிழ்மொழி மூலம் பயின்றவர் அணுக முடியாமை ஆகியவற்றுக்குரிய பொறுப்பை அரசும் நிறுவனங்களும் கழற்றி மாணவரின் தோளில் ஏற்றும் உபாயமாகவும் அச்சொல் பயன்படக்கூடும். வாய்ப்பை மறுத்துவிட்டு முயற்சியின்மையைப் பழிக்கும் வழக்கத்தைத் தோட்ட மக்கள் நூற்றாண்டுக்கு மேலாக அறிவர். ஆகவே எதற்குப் பொறுப்பு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நன்று. வசதிகளுக்கு மாணவர் பொறுப்பாளியல்லர். அவற்றைக் கேட்டுப் போராடுதல் அவர்க்கு உரிமை. ஆனால் தாம் எழுப்பும் வினாவுக்கு அவரே பொறுப்பு. அதனைப் பிறர் எழுப்பித் தர முடியாது.

வினா எவ்வளவு அண்மையிற் கிடக்கின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். தமிழ் மொழி வரலாற்றுப் பாடத்தில் பிறமொழிச் சொற்கள் பற்றிய பகுதி உண்டு. அலுமாரி, சாவி, மேசை முதலியன போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை என்ற பட்டியலை மாணவர் பிழையின்றி எழுதுவர். ஆங்கிலச் சொல் திரிந்து ‘பெரட்டு’ ஆகி அவர்தம் தாயின் வாயில் நாள்தோறும் வழங்குவது அப்பட்டியலில் இராது. தமிழிலேயே பிறந்த ‘துண்டு’ என்னும் சொல்லோ இன்னும் கூர்மையானது. தொழிலாளியின் கடனைக் கட்டித் தீர்ப்பவரிடம் அவரை விடுவிப்பதாக எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டே துண்டு. அச்சீட்டாற் குடும்பங்கள் கடனோடு கடனாகத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறின. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு சிறு தமிழ்ச் சொல் ஆங்கில ஆவணங்களிலும் அவ்வாறே எழுதப்படும் அளவுக்கு ஒரு பொருளாதார முறையின் பெயராயிற்று. இச்சொல்லைப் பாட்டியிடம் கேட்கவும், ஆவணங்களிற் தேடவும், மொழியியலோடும் வரலாற்றோடும் இணைத்து நோக்கவும் ஹற்றனிலோ நோர்வூட்டிலோ மஸ்கெலியாவிலோ இருந்து வரும் மாணவியைவிடத் தகுதியுடையவர் யார்? அத்தகுதியை அவளிடம் எவரும் கூறவில்லை. அவளும் அதனைத் தகுதியெனக் கருதவில்லை. லயத்துப் பேச்சை வளாகத்தில் மறைக்க வேண்டிய ஒன்றாகவே அவள் கற்றிருக்கிறாள்.

தாமாகக் கற்றல் என்பது தன்னளவில் உயர்ந்ததன்று என்பதற்கும் இம்மலைகளிலேயே சான்றுண்டு. தோட்டத் துரைமாரும் தமிழ் கற்றனர். அதற்கெனக் கைந்நூல்கள் அச்சாயின. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் வெளியிட்ட ‘கூலித் தமிழ்’ அவற்றுள் ஒன்று. இத்தகைய நூல்களின் தமிழ் ஏவலின் தமிழாகவே பெரிதும் அமைந்தமையை நித்தியானந்தன் எடுத்துக்காட்டியுள்ளார். பாடசாலையில்லை, பரீட்சையில்லை, தாமே முயன்று கற்றனர். ஆயினும் அக்கல்வியாற் கற்கப்பட்ட மொழியின் மக்களை அவர்கள் அறிந்தாரில்லை. அதே காலத்தில் அதே மலைகளிற் பாடப்பட்ட கும்மியையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டெழுதியவர் வேலுப்பிள்ளை. துரையும் தாமே கற்றார், வேலுப்பிள்ளையும் தாமே கற்றார். ஒருவர் கட்டளையிடுதற்குச் சொல் தேடினார். மற்றவர் கேட்பதற்காகச் சென்றார். பரீட்சையில் வெல்லும் ஒரே நோக்கோடு தாமே கடுமையாகப் படிக்கும் மாணவர் இவ்விருவருள் எவருக்கு அணுக்கமானவர் என்பது சங்கடமான வினாவே.

விடுமுறையிற் தோட்டத்துக்குத் திரும்பும் பல்கலைக்கழக மாணவர் பலர் கோயில் மண்டபத்திலும் வாசிகசாலையிலும் சாதாரணதர, உயர்தர வகுப்புகளை இலவசமாக நடத்துகின்றனர். பாராட்டத்தக்க இச்செயல் நன்னூல் கூறும் அந்த அரைப்பங்குக்கான வாயில். ஆனால் அங்கும் தாம் பெற்ற குறிப்பையே தம்பி தங்கையர்க்குச் சொல்லி எழுதுவித்தால், கற்பித்தல் நிகழ்ந்தும் அரைப்பங்கு வந்து சேராது. ‘ஏன் அண்ணா?’ என்று ஒரு பிள்ளை கேட்க, விடை தெரியாமல் நின்று, மறுநாள் தேடி வந்து சொல்லும் அண்ணனுக்கே அது வந்து சேரும். அவ்வகுப்புகளிற் சில இவ்வாறும் நடைபெறுவதுண்டு. அவற்றிலிருந்து வந்தவர்களை முதலாம் வருட வகுப்பிலேயே இனங்காணலாம்.

முதற் கோப்பித் தோட்டத் தொழிலாளர் வந்து இருநூறாண்டு நிறைந்ததாகக் கொண்டு 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் இடம்பெற்றது. பதாகைகளிலும் சிறப்பு மலர்களிலும் இடம்பெற்ற செய்திகளுட் பல, வேலைக்குப் போய்வந்த நேரம் போக எஞ்சியதில் எழுதியவர்கள் தேடிவைத்தவை. அவர்களுள் வேலுப்பிள்ளை 1984இலும் சாரல்நாடன் 2014இலும் ஜோசப் 2022இலும் மறைந்தனர். 1964க்குப் பின் மண்டபம் போன உறவினரை வழியனுப்பப் புகையிரத நிலையத்தில் நின்றவர்களுக்கு இன்று எண்பது வயதாகிறது. அவர்கள் இன்னும் டயகமையிலும் பொகவந்தலாவையிலும் லயத்து வாசல்களில் அமர்ந்திருக்கிறார்கள். கேட்டால் நினைவிலிருப்பதைச் சொல்லக்கூடியவர்கள். இறுதி வருட மாணவர் ஆய்வுத் தலைப்புகளைச் சமர்ப்பிக்க வேண்டிய காலம் இவ்வாண்டும் வரும்.